ஆட்டுக்காரன் வந்தாச்சா

பங்குனி பிறந்த நாலாம் நாள், ஊத்தாங்கல்மேட்டுக் காளியம்மன் நோம்பிக்கான நோட்டீசு வீடு வீடாக வந்தது. ரோஸ் நிறத் தாள். மேலே ஆத்தாளின் படம், கீழே நாமக்கல் அச்சகத்தின் பெயர். சென்னியப்பன் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தார். எழுபத்தொரு வயதிலும் அவர் கண்ணாடி போடாமல் படிப்பது ஊருக்கே தெரியும். தெரியாதவர்கள் வந்தால் அவரே தெரியப்படுத்திவிடுவார். மூன்றாம் நாள் நிகழ்ச்சிக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

‘காலை ஆறு மணிக்குப் பண்ணையக்காரர் திரு. சென்னியப்பன் அவர்களை மும்முறை அழைத்தல். அதன்பின் பொங்கல் வைத்தல்.’

திரும்ப ஒரு முறை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், சரியான வார்த்தை அங்கே எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்பதுபோல.

“வள்ளியா! இங்க வா. யாரு இந்தப் பண்ணையக்காரன்?”

அவர் மனைவி வள்ளியாத்தாள் முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் புருஷனின் கழுத்து நரம்பைப் படிக்கத் தெரியும்.

“உங்க பேருதானுங்களே போட்டிருக்குதாமா. பையன் சொன்னான்.”

“பையன் சொன்னானா? அப்ப உனக்கு முன்னாலயே தெரியும்?”

அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊரில் அந்தக் குடும்பத்துக்கு ஆட்டுக்காரர் ஊடு என்று பெயர். நிலம் நீச்சு, கிணறு, மோட்டார் எல்லாம் வந்து இரண்டு தலைமுறை ஆகியும் பெயர் மாறவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. தாது வருஷத்துப் பஞ்சத்தில் சென்னியப்பனின் பாட்டனுக்கு அப்பன், ஊரில் எஞ்சியிருந்த செம்மறிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஓட்டிக்கொண்டு கொல்லிமலை அடிவாரத்துக்குப் போனார். அவருடையவை ஏழோ எட்டோதான். மற்றவையெல்லாம் அடுத்தவர் ஆடுகள். இன்னார் ஆடு இன்னதென்று தெரிய, அந்தந்த வீட்டுப் பெண்கள் தங்கள் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து ஆட்டின் கழுத்தில் கட்டி அனுப்பினார்களாம். மாதங்கள் போயின. ஆட்டை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். செத்திருப்பான் என்று சிலர் சொன்னார்கள். என்றாலும் தினமும் விடியும்போது கோயில் மேட்டில் யாராவது ஒருவர் ஏறி நின்று, கிழக்கே பார்த்து, “ஆட்டுக்காரன் வந்தாச்சா?” என்று குரல் கொடுப்பார்கள். பதினாலு மாதம் பதிலே இல்லை. பதினைந்தாவது மாதம் ஒருநாள், எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “வந்தாச்சு ஆத்தா!” என்று ஒரு குரல் கேட்டது. போனதைவிட அதிக உருப்படி. ஒவ்வொரு கழுத்திலும் சாயம் போன சேலைத் துண்டு. அவரவர் ஆட்டை அவரவர் வாசலில் விட்டுவிட்டுத்தான் அந்த மனிதர் தண்ணீர் குடித்தாராம்.

அன்றிலிருந்து நோம்பியின் மூன்றாம் நாள் காலை, பூசாரி கோயில் மேட்டில் நின்று மூன்று முறை அதையே கேட்பார். ஆட்டுக்காரர் வீட்டில் உயிரோடிருக்கும் மூத்த ஆண், கையில் தொறட்டிக்கோலும் தோளில் கறுப்புக் கம்பளியுமாக, ஒரு கிடாயோடு எல்லைக்கல்லுக்கு வெளியே வெறுங்காலில் நிற்பார். அவர் பதில் சொன்ன பிறகுதான் பொங்கல் அடுப்பில் தீ. மூன்றாவது முறையும் பதில் இல்லையென்றால் அந்த வருஷம் நோம்பி இல்லை.

தகப்பன் உயிரோடு இருக்கையில் மகன் அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது. சென்னியப்பன் முதன்முதலாகச் சொன்னபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. தலை மொட்டையாக இருந்தது. அவர் “வந்தாச்சு” என்ற அந்த நிமிஷத்தில் அவருடைய அம்மா பொங்கல் வைக்கும் பெண்களின் வரிசையிலிருந்து விலகிப் பின்னால் போய் நின்றதை அவர் இன்னும் மறக்கவில்லை. புது ஆட்டுக்காரன் பதில் சொன்னால் பழைய ஆட்டுக்காரன் ஊர்க்கணக்கில் இல்லை என்று பொருள்.

இத்தனையும் தெரிந்தவன்தான் வெங்கடாசலம். அவருடைய ஒரே மகன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தான். கோயில் கமிட்டியில் இந்த வருஷம் அவன்தான் எல்லாம். மைக்செட் அவன் ஏற்பாடு, பந்தல் அவன் ஏற்பாடு, கோயிலைச் சுற்றிப் போட்ட சிமெண்டுத் தரையும் அவன் உபயம். நோட்டீசு அச்சடித்ததும் அவன்தான்.

சென்னியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு டவுன்பஸ் ஏறினார்.

பட்டறையில் ஒரு லாரி, எலும்புக்கூடு மாதிரி வெறும் சட்டத்தோடு நின்றிருந்தது. இன்னொன்றுக்குப் பெயிண்டர் மயில் வரைந்துகொண்டிருந்தான். இழைப்புளிச் சத்தத்துக்கும் சுத்தியல் சத்தத்துக்கும் மேலே கிழவரின் குரல் கேட்டது.

“வெங்கடாசலம்! பண்ணையக்காரன் யார்றா?”

ஆசாரிகள் தலை நிமிர்ந்தார்கள். வெங்கடாசலம் ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்தான்.

“வாங்கப்பா. உள்ள வந்து உக்காருங்க. குடிக்கக் கலர் வாங்கியாரச் சொல்றேன்.”

“கலரு வேண்டாம். பதில் சொல்லு.”

“உள்ள வாங்க, சொல்றேன்.”

உள்ளே போனார். உட்காரவில்லை. நோட்டீசை மேசைமேல் போட்டு, அந்த வரியின்மேல் கட்டைவிரலை ஊன்றினார்.

“இதுல என்னங்கப்பா தப்பு? நம்மளுக்குப் பண்ணையம் இல்லீங்களா? காடு தோட்டம் இல்லீங்களா? இருக்கறதைத்தான போட்டேன்.”

“அப்ப இத்தன வருசமாக் கூப்பிட்டது பொய்யா?”

“காலம் மாறுதுங்கப்பா. நம்ம தெய்வநாயகியைப் பொண்ணு பாக்கறதுக்கு அன்னிக்குத் திருச்செங்கோட்டுல இருந்து வாராங்க. காளியண்ணன்னு, லாரியும் போர் போடற ரிக்கு வண்டியும் ஓட்டற குடும்பம். அவுங்க கார்ல வந்து எறங்கற நேரத்துக்கு மைக்குல ‘ஆட்டுக்காரன் வந்தாச்சா, ஆட்டுக்காரன் வந்தாச்சா’ன்னு மூணு தடவை கத்துனா, எம்புள்ளைக்கு மரியாதையாங்க?”

“எது மரியாதைன்னு நீ எனக்குச் சொல்றயா?”

“உங்களுக்கு அது மரியாதைங்க. எனக்கு?” வெங்கடாசலத்தின் குரலும் ஏறியது. நாற்பத்திரண்டு வயதுக்காரன், அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. “என்னைய இதே நாமக்கல்லுல பள்ளிக்கூடத்துல சேத்துனீங்க. கணக்குத் தப்பாப் போட்டா மத்த பசங்களுக்கு அடி. எனக்கு மட்டும், ‘உங்க ஊட்டுத் தொழிலுக்கே போடா’ம்பாரு வாத்தியாரு. வகுப்பே ‘மே’ன்னு கத்தும். வேலைக்கு ஆவாதவனைக் கண்டா ஆடு மேய்க்கப் போங்கறாங்க. பஸ்ஸுல நெருக்குனா ஆட்டு மந்தைங்கறாங்க. ஓட்டுக் கேக்க வாரவன்கூட, ‘நீங்க என்ன ஆடுங்களா, அவன் என்ன ஆட்டுக்காரனா’ன்னு மேடையில கேக்கறான். எங்கியாவது ஒருத்தன் வாயில அந்த வார்த்தை நல்லதுக்கு வந்து கேட்டிருக்கீங்களா?”

சென்னியப்பன் அறையைச் சுற்றிப் பார்த்தார். மரக்கடைக்காரர் கொடுத்த காலண்டர் ஒன்று மகனின் தலைக்குமேல் தொங்கியது. தாடி வைத்த ஒருவர், நீண்ட அங்கியோடு, தோளில் ஒரு குட்டியைச் சுமந்து நின்றார். காலைச் சுற்றி ஆடுகள்.

“அது யாரு?”

“ஏசு சாமிங்க. நல்ல மேய்ப்பன்னு கீழ போட்டிருக்குது பாருங்க.”

“அந்தச் சாமியே ஆடு மேய்ச்சிருக்குது. அதைச் சுவத்துல மாட்டி ஊதுபத்தி வெச்சிருக்கற. பெத்த அப்பனை மட்டும் மறைக்கற.”

கதவுக்கு வெளியே பெயிண்டர் சிரித்துவிட்டான். வெங்கடாசலம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டுத் திரும்பியபோது குரல் தணிந்திருந்தது. அதில்தான் விஷம் இருந்தது.

“நோட்டீசு அடிச்சாச்சுங்க. பூசாரிகிட்டயும் சொல்லியாச்சு. கூப்பிடறது அவுரு வேலை, பதில் சொல்றது உங்க வேலை. நீங்க சொல்லுவீங்க. இத்தன வருசம் நிக்காத நோம்பி உங்க வாயால நின்னு போறதை நீங்க உடமாட்டீங்க. எனக்குத் தெரியுமுங்க.”

சென்னியப்பன் நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செல்லாயி பட்டியில் ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பனுக்கு நாற்பது செம்மறி. மேய்ப்பது அவள்தான், பதினெட்டு வருஷமாக. அந்த மந்தையில் அவளுடைய சொந்த ஆடும் ஆறு உண்டு. கிழவரின் முகத்தைப் பார்த்து, விஷயம் கேட்டு, ஆறுதலாக ஒன்று சொல்ல நினைத்தாள் பாவம்.

“போச்சாதுங் சாமி, உடுங்க. நானுந்தான் ஆட்டுக்காரி. என்னை யாரு எப்படிக் கூப்பிட்டா என்னங்க?”

“நீ ஆட்டுக்காரியா? நீ கூலிக்கு ஆடு மேய்க்கறவ. ஆட்டுக்காரன் வேற, ஆடு மேய்க்கறவன் வேற. தெரிஞ்சுக்க.”

செல்லாயி படலை இழுத்துக் கட்டினாள்.

“சரிங் சாமி. ஆட்டுக்கு அது தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நோம்பியின் இரண்டாம் நாள் வீட்டுச் சுவரில் இன்னொரு குறை தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக ஆணியில் தொங்கிய தொறட்டியும் கம்பளியும் இல்லை. அந்த இடத்தில், காகிதம் சுற்றிய வெள்ளிப்பூண் கைத்தடி ஒன்றும், சரிகைக் கரை போட்ட சால்வை ஒன்றும் இருந்தன. யார் வேலை என்று வள்ளியாத்தாளைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சென்னியப்பன் கைத்தடியை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினார். நல்ல மரம், உடையவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. சால்வையைச் சுருட்டி மாட்டுத் தொட்டியில் போட்டார். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

மறுநாள் விடிகாலையில் எல்லைக்கல்லுக்குப் போனபோது கையை வீசிக்கொண்டுதான் போனார். கிழக்கே வெளுத்திருந்தது. செல்லாயி மந்தையை அங்கே புறம்போக்கில் விட்டிருந்தாள். கிடாயைப் பிடித்துக் கட்டியிருந்தாள். அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள். தன் தோளிலிருந்த கம்பளியை உதறினாள், வேலாமரத்தில் சாத்தியிருந்த தன் தொறட்டியை எடுத்தாள், இரண்டையும் நீட்டினாள்.

“திருப்பிக் குடுத்துருங்க. மத்தியானம் தழை இழுக்கோணும்.”

கம்பளியில் ஆட்டு மூத்திரமும் புகையும் மணத்தன. சென்னியப்பன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அப்போதுதான் அம்பாசிடர் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து, வெள்ளைச் சட்டை போட்ட கனத்த மனிதர் ஒருவர் தலையை நீட்டினார்.

“ஏனுங்க ஆட்டுக்காரரே, பண்ணையக்காரர் வெங்கடாசலம் ஊடு எந்தப் பக்கமுங்க? ஒரு மணி நேரமாச் சுத்தறோம், யாருக்கும் தெரியல.”

சென்னியப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை நாள் கோபத்துக்கு இப்போதுதான் யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்ததுபோல் இருந்தது.

“அப்படி ஒரு ஊடு இந்த ஊர்ல இல்லீங்க.”

“நாமக்கல்லுல லாரிப் பட்டறை வெச்சிருக்காருங்களே?”

“அதுங்களா? அது ஆட்டுக்காரர் ஊடு. நேராப் போங்க. ஆட்டுக்காரர் ஊடுன்னு கேட்டீங்கன்னா பொறந்த கொழந்தகூடக் காட்டும்.”

“நீங்க அவுங்களுக்கு…?”

“நான் ஆட்டுக்காரன்.”

காளியண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். கம்பளி, தொறட்டி, வெறுங்கால், பின்னால் செம்மறி மந்தை. “சரிங்க” என்றார். கார் போனது.

கோயில் மேட்டில் பொங்கல் அடுப்புகள் வரிசை வரிசையாகத் தயாராக இருந்தன. பானைக்கு மஞ்சள் கட்டியாயிற்று. அடுப்பில் பனையோலையும் சுள்ளியும் அடுக்கியாயிற்று. வரிசையின் தலைப்பில் வள்ளியாத்தாள். ஆட்டுக்காரர் வீட்டு அடுப்புதான் முதலில் பற்ற வேண்டும். எல்லாரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். பூசாரி மணியன் மைக்கைப் பிடித்தார். அவர் தொண்டையைச் செருமியது எல்லைக்கல் வரை கேட்டது.

“பண்ணையக்காரர் வந்தாச்சா?”

சென்னியப்பன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் கிடாய் தலையை உதறியது. கோயில் மேட்டில் சலசலப்பு எழுந்து அடங்கியது.

இரண்டாவது முறை பூசாரியின் குரல் சற்று நடுங்கியது.

“பண்ணையக்காரர்… வந்தாச்சா?”

செல்லாயிதான் கையைப் பிசைந்தாள். “ஏனுங் சாமி… ஊருச் சனமெல்லாம் நிக்குதுங்க.”

“நிக்கட்டும். கூப்பிடற ஆளு இன்னும் வரல போலிருக்குது.”

வெங்கடாசலம் ஓடிவந்தான். டெரிலின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது, அதைக்கூட எடுக்கவில்லை.

“அப்பா! என்ன பண்றீங்க? உங்க காலைப் புடிக்கறேன், சொல்லிப் போடுங்க!”

“யாரைக் கூப்பிடறாங்கன்னே தெரியலியேடா. உங்க பண்ணையக்காரன் எங்கியோ, போயித் தேடிக் கூட்டியா.”

“சம்பந்தம் பேச வந்தவுங்க பாத்துட்டு நிக்கறாங்க!”

“பாக்கட்டும். நானே வழி சொல்லித்தான் அனுப்பிச்சேன். ஆட்டுக்காரர் ஊடுன்னு சொல்லி.”

வெங்கடாசலத்தின் முகம் சுருங்கிப்போனது. சென்னியப்பன் தொறட்டியைத் தரையில் ஊன்றினார்.

“இப்பக்கூட ஒண்ணுங் கெட்டுப் போயிரல. நீ போ. மைக்கை உன் கையில வாங்கு. உன் வாயால, ‘ஆட்டுக்காரன் வந்தாச்சா’ன்னு கேளு. நான் சொல்றேன்.”

“நானா? அவுங்க முன்னாலயா? என்னால ஆவாதுங்க.”

“அப்ப என்னாலயும் ஆவாது.”

“ஒரு வார்த்தைக்கு ஊரையே பட்டினி போடுவீங்களா?”

“அந்த ஒரு வார்த்தைதான்டா இந்த ஊரு பட்டினி கெடந்தப்பச் சோறு போட்டுது!”

இருவரும் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். மேட்டில் பூசாரி மணியன் கிழக்கே பார்த்தார். சூரியன் கிளம்பிவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் காத்துக்கிடக்கும் அடுப்புகளைப் பார்த்தார். அவர் அப்பனும் பாட்டனும் அதே இடத்தில் நின்று கூப்பிட்டவர்கள். சிமெண்டுத் தரை கால்களை உறுத்தியதோ என்னவோ, மைக்கைக் கீழே போட்டுவிட்டு, கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து கூவினார்.

“ஆட்டுக்காரன் வந்தாச்சா?”

சென்னியப்பன் கேட்டார். கம்பளிக்குள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதில் தொண்டைக்கு வந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் மகன் பக்கம் திரும்பினார். ‘கேட்டியாடா?’ என்று ஒரு பார்வை பார்த்து, அவன் முகம் எப்படிப் போகிறது என்று கண்ணாரக் கண்டுவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று தோன்றிவிட்டது. மூச்சு விடும் நேரம்தான். மீசைக்குள் சிரித்தார்.

வெங்கடாசலம் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். மூன்றாவதும் போயிற்று, இந்தக் கிழவன் சொல்ல மாட்டான் என்று நினைத்துவிட்டான். ஊரையும், சம்பந்தியையும், பற்றாத அடுப்புகளையும் திரும்பிப் பார்த்தான்.

“வந்தாச்சு ஆத்தா!” என்று அலறினான்.

மேட்டில் யாரும் தீக்குச்சியை உரசவில்லை. மேளக்காரனின் குச்சி அந்தரத்தில் நின்றது. தான் சொன்னது என்னவென்று வெங்கடாசலத்துக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தெரிந்ததும் கையால் வாயைப் பொத்தினான்.

மேட்டிலிருந்து வள்ளியாத்தாள் இறங்கி வந்தாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. கையில் அரிசி களைந்த ஈரம் இன்னும் இருந்தது. அந்தக் கையாலேயே மகனின் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

“உங்கப்பன் உசுரோட நிக்கறான். யார்றா வந்தாச்சுன்னது? ஊரு பூராவும் என் கழுத்தைப் பாக்குதுடா!”

“ஆத்தா… வாய் தவறி…”

“வாயி தவறுமா? அப்பன் இருக்கறப்பத் தவறுமா?” பிறகு புருஷனிடம் திரும்பினாள். “நீங்க? பதிலைத் தொண்டையில வெச்சுக்கிட்டு இளிச்சீங்களே! அங்கிருந்து பாத்தாத் தெரியாதுன்னா நெனச்சீங்க? அப்பனுக்கும் வீம்பு, மகனுக்கும் வீம்பு. நடுவுல நான் தாலியறுக்கோணும்!”

சென்னியப்பன் தொறட்டியைக் கை மாற்றிப் பிடித்தார். நாற்பத்திரண்டு நோம்பிகளில் ஒன்றில்கூட அவர் ஒரு நொடி தாமதித்ததில்லை. இன்று தாமதித்தார். மகன் செய்தது பெரிய தப்பு. ஆனால் அந்தத் தப்புக்கு இடம் விட்டவர் அவர். இது அவருக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தார். பாழாய்ப்போன பெண்பிள்ளை பார்த்துவிட்டிருக்கிறாள்.

பூசாரி மணியனும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

“தப்பாச் சொன்னதைத் தள்ளுபடி பண்ணிறலாமுங்களா?” என்று பூசாரி இழுத்தார். “ஆனா தள்ளுனா மூணும் போயிருச்சுங்க. இந்த வருசம் நோம்பி இல்லைன்னு ஆயிரும்.”

எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் மகனைப் பார்த்தார்.

“ஆத்தாளுக்குச் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கற வழக்கம் எங்க ஊட்ல இல்லை. சொன்னது சொன்னதுதான். வெங்கடாசலம், சட்டையைக் கழட்டு.”

“அப்பா…”

“கழட்டுறா! அந்த ஒத்தைச் செருப்பையும் கழட்டு. கடிகாரத்தைக் கழட்டி உங்காத்தா கையில குடு.”

வெங்கடாசலம் கழற்றினான். ஊர் பார்த்தது, காருக்குப் பக்கத்தில் நின்ற காளியண்ணனும் பார்த்தார். சென்னியப்பன் தம் தோளிலிருந்த கம்பளியை எடுத்து மகனின் தோளில் போட்டார். போட்டார் என்பதைவிட அறைந்தார் என்பதே சரி. தொறட்டியை அவன் கையில் திணித்தார். கிடாயின் கயிற்றை அவிழ்த்து நீட்டினார்.

“வேண்டாம்னு அழிச்சயே, அந்தப் பேரு இனி உனக்குத்தான். நடுத்தெருவுல நட. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனீன்னா அங்கியே வந்து ஒதைப்பேன்.”

“நீங்க வாங்கப்பா.”

“நான் எப்பிடிடா வாரது? நாந்தான் இல்லியே.”

வெங்கடாசலம் அழுதான். அழுதுகொண்டே நடந்தான். ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. வள்ளியாத்தாள் புருஷனை ஒரு முறை முறைத்தாள்.

“நான் போயிப் பொங்கல் வெக்கப் போறேன். மொத அடுப்பு எம்பட அடுப்பு. எவளாச்சும் பின்னால போய் நில்லுன்னு சொல்லட்டும், பாத்துக்கறேன்.”

யாரும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் மேட்டில் முதல் புகை எழுந்தது. அது அவள் அடுப்புதான் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். அதன்பின் நூறு இடத்தில் புகை. குலவைச் சத்தம். மேளம்.

செல்லாயி தயங்கி நின்றாள்.

“எந்தொறட்டி போயிருச்சுங் சாமி.”

“வரும். போயி நீயும் பொங்கல் வெய்யி.”

“ஆடுங்க?”

“நான் இருக்கறேன்.”

அவள் அவரை நம்பாத கண்ணால் பார்த்துவிட்டு, “என்னுது ஆறு உருப்படிங்க. காதுல மேல்பக்கம் வெட்டு. தெற்குத் தோட்டத்துல சோளம் நிக்குது, உட்றாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நாற்பது வருஷம் ஆகியிருந்தது அவர் ஆடு மேய்த்து. ஆடுகள் அவரை மதிக்கவேயில்லை. கையில் கோல் இல்லை என்று தெரிந்ததும் நேரே சோளத்தைப் பார்த்து நடந்தன. சென்னியப்பன் வேலா மரக்கிளை ஒன்றை முறித்தார். உள்ளங்கையில் முள் ஏறியது. கத்தினார், ஓடினார், மறித்தார், திட்டினார். அவர் திட்டிய திட்டில் பாதி ஆட்டுக்கு, பாதி மகனுக்கு, கொஞ்சம் தமக்கும்.

வெயில் ஏறிய பிறகு காளியண்ணன் நடந்து வந்தார். பக்கத்தில் யாரையும் கூட்டிவரவில்லை. கையில் வாழையிலையில் பொங்கல்.

“உங்க ஊட்டு அம்மா குடுத்து உட்டாங்க. விவரமெல்லாம் இப்பத்தானுங்க சொன்னாங்க. காலையில ஆளு தெரியாம வழி கேட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. புள்ளையப் புடிச்சிருக்குதுங்க. மத்ததைப் பேசிக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “உங்க பையன் எதுக்கு இப்படிப் பயந்தாருன்னு தெரியல. எங்க ஊட்டுக்கும் ஊர்ல ஒரு பேரு உண்டுங்க. அதை இங்க சொன்னா நீங்க புள்ளையவே குடுக்க மாட்டீங்க.”

சென்னியப்பன் சிரிக்கவில்லை.

“வாங்க ஆட்டுக்காரரே, ஊட்டுக்குப் போலாம். நீங்க இல்லாம இலை போட மாட்டேங்கறாங்க.”

“ஆட்டுக்காரன் உள்ள போயிட்டான்” என்றார் சென்னியப்பன், சோளக்காட்டுப் பக்கமிருந்து கண்ணை எடுக்காமல். “நான் ஆடு மேய்க்கறவன். அடுத்தவ ஆடு ஆறு உருப்படி எங்கையில இருக்குது. அவ வந்து எண்ணி வாங்கற வரைக்கும் இங்கிருந்து நகரமாட்டேன்.”

இலையை வாங்கிக் கல்லின்மேல் வைத்தார். அதற்குள் காது வெட்டுப்பட்ட ஆடு ஒன்று சோளத்தில் வாயை வைத்தது.

“ஏய்! உன்னை…” என்று கத்திக்கொண்டு கிளையோடு ஓடினார்.